பருந்தும் வல்லூறும்: கொடைக்கானல் மலையைச் சுற்றி நடக்கும் ஒரு செல்லச் சண்டை!

கடற்படை பைலட் பெரியவரா, விமானப்படை பைலட் பெரியவரா? பல வருடங்களாகத் தீராத பஞ்சாயத்து இது. தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

கொடைக்கானல் போனால் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை என்று சுற்றுவோம். கையில் சூடாக ஒரு மக்காச்சோளம் இருக்கும். எப்போதாவது தலைக்கு மேலே 'டப டப' என்று சத்தம் கேட்டால் குழந்தைகள் அண்ணாந்து பார்த்து டாட்டா காட்டுவார்கள். பெரியவர்கள், "யாராவது மினிஸ்டர் வர்றாங்களோ?" என்பார்கள். அடுத்த முறை அப்படிச் சத்தம் கேட்டால் இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். "இது கடற்படையா, விமானப்படையா?"

காரணம் இருக்கிறது. மேப்பை எடுத்து கொடைக்கானல் மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து வடமேற்கே, நேர்கோட்டில் சுமார் 95 கி.மீ. தூரத்தில் சூலூர் விமானப்படைத் தளம். வடகிழக்கே சுமார் 180 கி.மீ. தூரத்தில் தஞ்சாவூர் விமானப்படைத் தளம். மேற்கே சுமார் 140 கி.மீ. போனால் கொச்சியில் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா. தென்கிழக்கே சுமார் 190 கி.மீ. போனால் ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. ஆக, பழநி மலையை நடுவில் வைத்து 200 கி.மீ.க்கு ஒரு வட்டம் போட்டால், ஸ்கோர் 2 - 2. மேட்ச் டிரா!

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு செல்லச் சண்டை பல தலைமுறைகளாக நடந்துகொண்டிருக்கிறது. மாமன் மச்சான் கேலி மாதிரி. வெளியாள் யாராவது குறை சொன்னால் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள்.

வீடு மாறிய பறவைகள்

தாம்பரமும் சூலூரும் இன்று விமானப்படையின் கோட்டைகள். ஆனால், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அந்த இரண்டு இடங்களிலும் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளங்கள் இயங்கின. அவற்றுக்கு வைத்த பெயர்கள்தான் ஆச்சர்யம். தாம்பரத்துக்கு 'வல்லூறு'. சூலூருக்கு 'வைரி'. கோவையில் விமானங்களைப் பழுதுபார்த்த தளத்துக்கு 'கருடா'. கொச்சிக்கு 'கழுகு'. பிரிட்டிஷ் கடற்படை தன் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். இங்கே வந்ததும் அந்தந்த ஊர் மொழியிலேயே பெயரைத் தேடியிருக்கிறார்கள்.

போர் முடிந்தது, தேசம் விடுதலை பெற்றது, தளங்கள் கைமாறின. வல்லூறும் வைரியும் விமானப்படை வசம் போயின. மறுபக்கம், போர்க்காலத்தில் விமானப்படைக்காகப் போடப்பட்ட அரக்கோணம் ஓடுதளம் பின்னாளில் கடற்படைக்கு வந்தது. 1992 மார்ச் 11-ம் தேதி அது ஐ.என்.எஸ். ராஜாளி ஆனது. 2009-ல் உச்சிப்புளி தளம் ஐ.என்.எஸ். பருந்து ஆனது. கோவையை விட்டுப் போன 'கருடா' என்ற பெயர், 1953-லேயே கொச்சிக் கடற்படைத் தளத்தின் பெயராகிவிட்டது.

அதாவது, அவர்கள் வீட்டில் இவர்கள், இவர்கள் வீட்டில் அவர்கள். சண்டை வராமல் இருக்குமா?

கடல் இல்லாத ஊரில் ஒரு கப்பல்

ஐ.என்.எஸ். என்றால் 'இந்தியக் கடற்படைக் கப்பல்' என்று அர்த்தம். ஆனால், ராஜாளி இருப்பது அரக்கோணத்தில். அங்கே கடல் ஏது? கடற்படைக்கு அதெல்லாம் கணக்கில்லை. தரையில் இருக்கும் தளமும் அவர்களுக்குக் கப்பல்தான். கேட்டைத் தாண்டி வெளியே போவதைக்கூட 'கரைக்குப் போகிறேன்' என்று சொல்வது கடற்படை வழக்கம். விமானப்படைக்காரர்கள் கிண்டலடிக்க இது ஒன்று போதாதா?

ரேங்க் விஷயத்திலும் குழப்பம் உண்டு. கடற்படையில் 'கேப்டன்' என்றால் பெரிய அதிகாரி. விமானப்படையில் அதற்குச் சமமான பதவி 'குரூப் கேப்டன்'. தரைப்படையில் 'கேப்டன்' என்றால் இளம் அதிகாரி. மூன்று படைக்காரர்களும் வரும் கல்யாண வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முழித்தவர்கள் ஏராளம்.

உலகம் முழுக்க இரண்டு படைகளிலும் சுற்றும் ஒரு பழைய ஜோக் உண்டு. ஒரு கடற்படை பைலட்டும் ஒரு விமானப்படை பைலட்டும் பாத்ரூம் போனார்களாம். விமானப்படைக்காரர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கடற்படைக்காரர் கழுவாமல் கிளம்பினார். "எங்க அகாடமியில ஒன் பாத்ரூம் போனா கை கழுவணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் இவர். "எங்க அகாடமியில கையில படாம போகச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் அவர். இந்த ஜோக்கில் யார் ஜெயிப்பார் என்பது, சொல்பவர் எந்த யூனிஃபார்ம் போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது!

யாருக்கு வேலை கஷ்டம்?

கேலியை ஓரம்கட்டிவிட்டு, நிஜமாகவே யாருக்கு வேலை கஷ்டம் என்று பார்ப்போம்.

அரக்கோணம் ஓடுபாதையின் நீளம் 4 கி.மீ.க்கும் அதிகம். கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் மொத்த நீளமே 262 மீட்டர். அதில் இறங்கும் இடம் இன்னும் சின்னது. போதாக்குறைக்கு அந்த 'ஓடுபாதை' முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். அலைக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடும்.

மணிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் வரும் போர் விமானம், வாலில் இருக்கும் கொக்கியால் தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் இரும்பு வடத்தைப் பிடித்து, மூன்றே விநாடிகளுக்குள் நிற்க வேண்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சக்கரம் தளத்தைத் தொட்டதும் பைலட் இன்ஜின் வேகத்தைக் குறைப்பதில்லை, முழு வேகத்துக்குக் கூட்டுவார். கொக்கி மாட்டவில்லை என்றால் அந்த வேகத்தில்தான் மறுபடி மேலே எழும்ப முடியும். குறைத்துவிட்டால் நேராகக் கடல்தான். 2020 ஜனவரி 11-ம் தேதி, நம் நாட்டிலேயே உருவான இலகுரகப் போர் விமானத்தின் கடற்படை மாடல் முதன்முதலாக விக்ரமாதித்யா கப்பலில் இறங்கியது. ஓட்டியவர் கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர்.

"கடற்படைக்காரர்கள் விமானத்தை இறக்குவதில்லை, விழவைக்கிறார்கள்" என்று விமானப்படைக்காரர்கள் கிண்டல் செய்வது இதனால்தான். பூ மாதிரி இறக்கினால் கொக்கி வடத்தைத் தவறவிடும். அதனால் 'தொப்' என்று இறங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, விமானப்படைக்காரர்களுக்கு வேலை சுலபமா? அவர்களை இமயமலைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். லடாக்கில் இருக்கும் தௌலத் பேக் ஓல்டி ஓடுதளம் சுமார் 16,600 அடி உயரத்தில் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 20-ல் ஒரு பெரிய சி-130ஜே சரக்கு விமானத்தை அங்கே இறக்கிக்காட்டினார்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான். இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிமானம் குறையும்.

இதைப் புரிந்துகொள்ள லடாக் வரை போக வேண்டாம். சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலேயே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொச்சியில் தூக்குகிற எடையை அதே ஹெலிகாப்டர் இங்கே தூக்கத் திணறும். ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைக்க வேண்டும். மலையில் மீட்புப் பணி ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆக, ஒருவருக்கு எதிரி ஆடும் தளம், இன்னொருவருக்கு எதிரி மெல்லிய காற்று. தீர்ப்பு? நாட்டாமை ஒத்திவைக்கிறார்!

கராச்சியில் தீ வைத்தது யார்?

கேலியைத் தாண்டி, நிஜமாகவே வாக்குவாதம் நடந்த விஷயமும் உண்டு. 1971 போர். டிசம்பர் 4-ம் தேதி காலை, ஜாம்நகரிலிருந்து கிளம்பிய விமானப்படையின் ஹன்டர் விமானங்கள் கராச்சித் துறைமுகத்தின் கீமாரி எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கின. அன்று இரவே நிபட், நிர்கட், வீர் ஆகிய மூன்று கடற்படை ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கி பாகிஸ்தான் கப்பல்களை மூழ்கடித்தன. டிசம்பர் 8 இரவு ஐ.என்.எஸ். வினாஷ் மீண்டும் தாக்கியது. கராச்சி எண்ணெய்த் தொட்டிகள் நாள்கணக்கில் எரிந்தன.

அந்தப் பெரும் தீயை மூட்டியது யார்? கடற்படை ஆட்கள் எங்கள் ஏவுகணை என்றார்கள். விமானப்படை ஆட்கள், நீங்கள் வருவதற்கு முன்பே நாங்கள் பற்றவைத்துவிட்டோம் என்றார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள் புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் இதைப் பல வருடங்கள் விவாதித்தார்கள். டிசம்பர் 4 கடற்படை தினமாகக் கொண்டாடப்படுவது அந்த இரவின் நினைவாகத்தான். ஆனால் அதே தேதியின் காலையை விமானப்படையும் மறக்கவில்லை.

இன்னொரு வாக்குவாதம், கடலுக்கு மேலே இருக்கும் வானம் யாருக்குச் சொந்தம் என்பது. 1976 வரை கடலுக்கு மேலே நீண்டதூரம் பறந்து கண்காணிக்கும் வேலை விமானப்படையிடம் இருந்தது. கப்பல்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது, எங்களிடம் கொடுங்கள் என்று கடற்படை கேட்டது. கடைசியில் அந்தப் பொறுப்பும் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களும் கடற்படைக்கு மாறின. 1976 நவம்பர் 18-ல் அதற்கென 312-வது கடற்படை ஸ்குவாட்ரன் உருவானது. அதே ஸ்குவாட்ரன்தான் இன்று அரக்கோணத்திலிருந்து பி-8ஐ விமானங்களை ஓட்டுகிறது.

கதை அதோடு முடியவில்லை. 2020 ஜனவரி 20-ல் தஞ்சாவூரில் சுகோய்-30 விமானங்களோடு 222-வது ஸ்குவாட்ரனை விமானப்படை தொடங்கியது. கப்பல்களைத் தாக்கும் பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடியவை அந்த விமானங்கள். ஸ்குவாட்ரனின் பெயர் 'டைகர் ஷார்க்ஸ்'. பெயரிலேயே சுறாமீன்! கடலை முழுசாக விட்டுக்கொடுக்க விமானப்படைக்கும் மனசில்லை என்பது புரிகிறதா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். நிலாவில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங், முன்னாள் கடற்படை பைலட். பின்னாலேயே இறங்கிய பஸ் ஆல்ட்ரின், விமானப்படை பைலட். கடற்படைக்காரர்கள் இதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். நம் ஊரில் விமானப்படை ஸ்கோர்தான் அதிகம். 1984-ல் விண்வெளி போன ராகேஷ் சர்மா, 2025-ல் சர்வதேச விண்வெளி நிலையம் போன சுபான்ஷு சுக்லா, ககன்யானுக்காகத் தேர்வான சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன்... எல்லோருமே விமானப்படை.

ஒரே பெஞ்சில் இரண்டு பேர்

இவ்வளவு போட்டி போடுபவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் இடமும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. தாம்பரத்தில் இருக்கும் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளியில், 'பைலட்டுகளுக்குப் பாடம் எடுக்கும் பைலட்டுகள்' உருவாகிறார்கள். விமானப்படை, கடற்படை, தரைப்படை, கடலோரக் காவல்படை என்று நாலு தரப்பும் ஒரே வகுப்பு. நட்பு நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். கோர்ஸ் முடியும்போது சிறந்தவர்களுக்குக் கோப்பைகள் உண்டு. தன் படைக்கு எத்தனை கோப்பை என்று எண்ணிப் பார்க்காமல் யாரும் ஊருக்குத் திரும்புவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நீலகிரியில் வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரி இன்னொன்று. மூன்று படைகளின் அதிகாரிகளும் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் இடம் அது. பக்கத்து வீட்டில் கடற்படை, எதிர்வீட்டில் விமானப்படை என்று குழந்தைகள் ஒன்றாக ஸ்கூலுக்குப் போவார்கள்.

2024 செப்டம்பர் 9-ல் ஜோத்பூரில் நடந்தது இந்த நட்பின் உச்சம். மூன்று படைகளின் துணைத் தளபதிகளும் ஒரே நேரத்தில் தேஜஸ் விமானங்களில் பறந்தார்கள். விமானப்படையின் ஏ.பி.சிங் தனி விமானத்தை ஓட்ட, தரைப்படையின் ராஜா சுப்ரமணியும் கடற்படையின் கிருஷ்ணா சுவாமிநாதனும் இரட்டை இருக்கை விமானங்களில் போனார்கள்.

மூடுபனிக்கு யூனிஃபார்ம் தெரியாது

கொடைக்கானல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வியூ பாயின்ட்டில் நின்று போட்டோ எடுக்க மொபைலைத் தூக்குவதற்குள் எதிரே இருந்த பள்ளத்தாக்கு காணாமல் போயிருக்கும். நமக்கு அது அழகு. பைலட்டுக்கு அது உயிர்ப் பிரச்னை.

2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சூலூரிலிருந்து வெலிங்டன் கல்லூரிக்கு எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டரில் கிளம்பினார். அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம். இறங்குவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. அன்று 13 பேர் இறந்தார்கள். பலத்த தீக்காயத்தோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் இறந்தார். முதலில் ஓடி வந்து தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு நின்றது அந்தக் கிராமத்து மக்கள்.

விபத்தை விசாரித்த குழுவில் மூன்று படைகளின் அதிகாரிகளும் இருந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் திசையுணர்வு தவறி மலையில் மோதியது என்பது அவர்களின் முடிவு. இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை. எத்தனை அனுபவம் இருந்தாலும் மலை மேகம் சில நொடிகளில் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, 2018 மார்ச் 11-ல் பழநி மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ. மலையேறப் போன இளைஞர்களும் பெண்களும் சிக்கினார்கள். சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்களும் கருட் கமாண்டோக்களும் வந்தார்கள். செங்குத்தான சரிவு, புகை, இருட்டு. 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. பிழைத்தவர்கள் பலரைப் போர்வையில் தூளி கட்டி இறக்கிக்கொண்டு வந்தவர்கள் உள்ளூர் மக்கள்.

வெள்ளத்தில் ஸ்கோர் போர்டு இல்லை

போட்டி எங்கே நின்றுபோகிறது என்பதைத் தமிழ்நாடு மூன்று முறை பக்கத்திலிருந்து பார்த்தது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் மூழ்கியது. அப்போது பயணிகள் விமானங்களுக்குக் கதவு திறந்தது அரக்கோணம் கடற்படைத் தளம். நிவாரண விமானங்கள் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இறங்கின. மேலே இரண்டு படைகளின் ஹெலிகாப்டர்களும் பறந்தன.

2018 ஆகஸ்ட் 17, கேரள வெள்ளம். ஆலுவாவில் நிறைமாத கர்ப்பிணி ஒருவரை, கொச்சிக் கடற்படைத் தளத்தின் ஹெலிகாப்டர் கயிறு கட்டித் தூக்கியது. அன்றே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில நாள்களில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை பெயின்ட்டில் பெரிதாக 'நன்றி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த போட்டோ நாடு முழுக்கப் பரவியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லையில் பேய் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார்கள். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் பறந்துவந்து உணவு போட்டன, கர்ப்பிணி ஒருவரைத் தூக்கி வந்தன. உச்சிப்புளி பருந்துத் தளத்திலிருந்து கடற்படை ஹெலிகாப்டர்களும் கிளம்பின. மொட்டைமாடியில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகக் கை நீட்டியவர்களில் யாரும், வந்தது வெள்ளை யூனிஃபார்மா நீல யூனிஃபார்மா என்று பார்க்கவில்லை.

பெண்கள் போட்டி

இதிலும் விமானப்படை முந்திக்கொண்டது. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்று மூன்று பெண் போர் விமானிகள் வந்தார்கள். கடற்படையின் முதல் பெண் பைலட்டாக 2019 டிசம்பரில் ஷிவாங்கி தேர்ச்சி பெற்றார். 2024 ஜூன் 7-ல் அரக்கோணம் ராஜாளியில் பயிற்சி முடித்த அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் ஆனார். 2025 ஜூலையில் ஆஸ்தா பூனியா கடற்படைப் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண்.

உங்கள் வீட்டிலும் ஒரு பைலட் இருக்கிறாரா?

* பள்ளியிலிருந்தே: உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி, 1962 முதல் இயங்குகிறது. கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் 30 கி.மீ. சொச்சம்தான். நுழைவுத்தேர்வு மூலம் சேரலாம். இப்போது பெண் குழந்தைகளையும் சேர்க்கிறார்கள்.
* பிளஸ் டூ முடித்ததும்: யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் என்.டி.ஏ. தேர்வு. பைலட் ஆக பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பெண்களும் எழுதலாம்.
* பட்டம் முடித்ததும்: விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட் தேர்வு. கடற்படை தனியாக அறிவிப்பு வெளியிடும். சி.டி.எஸ். தேர்வு மூலமாகவும் போகலாம்.
* கவனிக்க: கண் பார்வை, உயரம், கால் நீளம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. விண்ணப்பிக்கும் முன் அதிகாரபூர்வ அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று வரும் புரோக்கர்களை நம்பாதீர்கள்.

கடற்படையா, விமானப்படையா என்று கேட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன சொல்வார்? எதைச் சொன்னாலும் சரிதான். ஆனால் ஒன்று, சேர்ந்த நாளிலிருந்து எதிர்த்தரப்பைக் கிண்டலடிக்கவும் சேர்த்தே கற்றுக்கொள்வார்!